ஆறு மணி ஊசி

எங்கள் காலனியில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளுக்கு எங்களைத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். கொச்சி மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்கு இடுப்புக்குக் கீழே ஊசி போட்டவள் அவள். தெருவில் எதிரே வந்தால் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பாள். "திரும்பி நின்னு காட்டுடி, அப்பத்தான் சிஸ்டருக்கு ஆளு பிடிபடும்" என்று பெண்களுக்குள் கிண்டல் செய்துகொள்வோம். அது அவள் காதிலும் விழும். கோபப்பட மாட்டாள். குடையை விரித்துக்கொண்டு போய்விடுவாள்.

பெயர் ஒன்று இருந்தது. இருக்கும்போதே யாரும் அதைச் சொன்னதில்லை, போன பிறகு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? எல்லோருக்கும் சிஸ்டர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய அப்பா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்த குடும்பம், எங்களைப் போலவே. குள்ளம். இழுத்து முடிந்த கொண்டை. மூக்கு நுனியில் கண்ணாடி. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்துக் கட்டியிருப்பாள். பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் யாருக்கு ஊசி எழுதினாலும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்காமல் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

வந்ததும் முதல் வார்த்தை, "சீட்டு எங்கே?"

சௌக்கியமா என்று கேட்க மாட்டாள். காய்ச்சல் எப்படி என்று கேட்க மாட்டாள். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பாள். பிறகு மருந்துக் குப்பியைப் படிப்பாள். பிறகு மறுபடி சீட்டு. பத்து நாள் ஊசி என்றால் பத்து நாளும் இதே கூத்து. முந்தின நாள் சாயங்காலம் படித்த அதே சீட்டை, இதுவரை பார்த்திராத முகத்தோடு படிப்பாள். எனக்குப் பொறுமை கிடையாது. "ராத்திரியோட ராத்திரியா எழுத்து மாறிப்போச்சா சிஸ்டரே?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன். "எழுத்து மாறாது. நான் மாறியிருப்பேன்" என்றாள்.

கிடங்கில் மூட்டை தூக்கும் ஒரு சேட்டனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறடி ஆள், குரல் படகு ஜெட்டி வரைக்கும் கேட்கும். போன மாதம் இதே வலிக்கு இதே ஊசி போட்டவள்தானே, மிச்சம் ஒரு குப்பி இருக்கிறது, போடு என்று கேட்டிருக்கிறார். சீட்டு இல்லை. "அப்ப ஊசியும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார், நாங்கள் வேலியோரம் நின்று கேட்டோம். "போன மாச இடுப்பு வேற, இந்த மாச இடுப்பு வேற. போய் எழுதி வாங்கிட்டு வா" என்றாள் அவள். மறுநாள் அந்த ஆள் நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டோடு வந்தார். போட்டுவிட்டாள்.

இன்னொரு தடவை ஒரு கிழவருக்குச் சர்க்கரை ஊசி. சீட்டு மழையில் நனைந்து, எட்டா பதினெட்டா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர்கள் எட்டுதான் என்று அடித்துச் சொன்னார்கள். இவள் கேட்கவில்லை. நனைந்த சீட்டைத் தூக்கிக்கொண்டு படகேறி எறணாகுளம் போய், டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்கி வந்தாள். அதில் எட்டு என்றுதான் இருந்தது. வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஊசி போட்டால்தான் சாப்பாடு என்பதால் கிழவரைப் பட்டினி போட்டுவிட்டாளாம். "ஆமா, எட்டுதான்" என்று சொல்லிவிட்டு ஊசியைப் போட்டாள்.

இப்படிப்பட்டவளிடம் நான் போய் மாட்டினேன்.

எனக்கு அப்போது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். இவருக்குக் கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்யும் பிரிவில் வேலை, எனக்குப் பஜார் ரோட்டுக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை. குழந்தை இல்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போனால் வளையல் தட்டை என் முன்னால் நீட்டாமல் அடுத்தவளுக்கு நகர்த்துவார்கள். நானும் கூந்தலைச் சரிசெய்வது போல இருந்துகொள்வேன். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை முறை கூந்தலைச் சரிசெய்திருப்பேன்! கடைசியில் எறணாகுளத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். முதல் முறை வைத்தது தங்கவில்லை. இரண்டு கருக்களை உறையவைத்து எடுத்துவைத்திருந்தார்கள்.

இதை மாமியாரிடம் சொல்லிப் புரியவைத்தது தனிக் கதை. "ஐஸ்ல வைக்க அதென்ன மீனாடி?" என்றாள். இவர் இன்னும் மேல். வீட்டில் கரண்ட் போனால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் டாக்டரிடமே கேட்டுவிட்டார், "எறணாகுளத்துலயும் அரை மணி நேரம் கரண்ட் கட் உண்டே டாக்டர், அப்ப அது கெட்டுப்போகாதா?" டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது கரண்டில் இல்லை, திரவ நைட்ரஜனில் இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார்கள். இவர் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அதே டாக்டரம்மாதான் எனக்கும் சொன்னார்கள். "இந்த மாசம் உங்க உடம்பு சொந்தமா ஒண்ணும் செய்யப்போறதில்லை. முட்டைப்பை தூங்கும். மாத்திரையால கருப்பைச் சுவரைத் தடிமனாக்குவோம். அப்புறம் தினம் ஊசி. கரு ஒட்டிப் பிடிச்சு நிக்கறதுக்கு வேண்டிய ஹார்மோன் அந்த ஊசியிலதான் இருக்கு. அது நின்னா பிடிமானம் நின்னுரும். ஒரு நாள்கூட விடக்கூடாது. ஒரே நேரத்துக்குப் போடணும்." கர்ப்பத்துக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும்வரைக்கும் இப்படி. அதன் பிறகு நஞ்சுக்கொடி வளர்ந்து, அந்த ஹார்மோனைத் தானே சுரந்துகொள்ளுமாம்.

தினமும் எறணாகுளம் போய்வர முடியுமா? சிஸ்டரைத்தான் கூப்பிட வேண்டும் என்றேன். மாமியார் ஒரேயடியாக மறுத்தாள். "அவ கையால வேண்டாம். அவளுக்கே ஒண்ணு இல்லை. அதுக்காகத்தான் கட்டினவன் விட்டுட்டு வேற ஒருத்திய கட்டிக்கிட்டான். அந்தக் கை உன் மேல படணுமா?"

எனக்கு வந்ததே கோபம்! "அப்ப என் கையும் அதே கைதானே அத்தை? பன்னெண்டு வருஷமா இந்தக் கையாலதானே சோறு திங்கறீங்க?" என்று கத்தினேன். அன்று அந்தப் பேச்சுக்கு நான் அப்படித் துடித்தேன். சிஸ்டருக்கு ஆள் அனுப்பினேன்.

மாலை ஆறு மணி என்று முடிவாயிற்று. ஆறு என்றால் ஆறு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படியேறுவாள். கையைக் கழுவுவாள். சீட்டைப் படிப்பாள். மருந்து எண்ணெயில் கலந்தது, தேன் மாதிரி மெதுவாகத்தான் இறங்கும். அதனால் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டிச் சூடாக்குவாள். உறிஞ்சுவதற்கு ஒரு தடித்த ஊசி, போடுவதற்கு வேறு நீள ஊசி. ஒற்றைப்படைத் தேதி இடது பக்கம், இரட்டைப்படை வலது பக்கம். போட்ட பிறகு அழுத்தித் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போது பேச மாட்டாள்.

நாலாவது நாள் கருவை வைத்தார்கள். இரண்டையும். கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது பாலத்து ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "மெல்ல சேட்டா, மெல்ல" என்று இவர் ஆட்டோக்காரரின் உயிரை வாங்கினார். அன்று மாலை சிஸ்டர் வந்தபோது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நல்லபடியாக நடக்குமா சிஸ்டரே என்று கேட்டேன். ஒரு வார்த்தை, "நடக்கும் மோளே" என்று சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? "அது சீட்டுல இல்லை" என்றாள். அன்றைக்கு அவளைக் கொல்லலாம் போல இருந்தது.

கரு வைத்த பதினொன்றாம் நாள் காலையில் ரத்தம் பட்டது.

கொஞ்சம்தான். ஆனால் எனக்குத் தெரியாத ரத்தமா அது? பன்னிரண்டு வருடமாக மாதம் தவறாமல் பார்த்து அழுத ரத்தம். மாமியார் துணியைப் பார்த்துவிட்டாள். அவளும் அழுதாள், அது பொய் அழுகை இல்லை. பிறகு வழக்கத்தைச் செய்தாள். எங்கள் வீட்டில் மாரியம்மன் விளக்கு உண்டு. தூரம் ஆனால் பின்கட்டில் ஒரு பாய், தனித் தட்டு, தனிக் கிண்ணம். நாலாம் நாள் தலைக்கு ஊற்றும்வரை யாரும் தொடக்கூடாது. நானாகவே போய்ப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். போகும்போது சீட்டைக் கசக்கி அடுப்பு மூலையில் எறிந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. எதற்கு?

இவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்குச் சொல்லியனுப்பத் தோன்றவில்லை. யாரும் கிளினிக்குக்குப் போன் செய்யவில்லை. வந்துவிட்டது, போய்விட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

மாலை ஆறு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமியார் வழிமறித்தாள். "இன்னிக்கு அவளைத் தொடக்கூடாது சிஸ்டரே. தூரமாயிட்டா. நாலாம் நாள் குளிச்சப்புறம் வாங்க."

"நாலு நாள் லீவுன்னு சீட்டுல எழுதலியே அம்மா."

"இனி எதுக்கு ஊசி? எல்லாம் போச்சு."

"போச்சுன்னு யாரு சொன்னாங்க? டாக்டர் சொன்னாங்களா?"

"கண்ணால பாத்தேனே!"

"ரத்தத்தைத்தானே பாத்தீங்க. வேற ஒண்ணும் பாக்கலியே."

நேராகப் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வேண்டாம் சிஸ்டரே, போயிடுங்க, என்னால முடியாது என்றேன். அவள் என் பக்கத்தில் குனிந்து, "சீட்டு எங்கே?" என்றாள். அந்த நேரத்திலும்!

அடுப்பு மூலையைக் காட்டினேன். போய் எடுத்தாள். சாம்பலைத் தட்டினாள், முழங்காலில் வைத்து நீவினாள். விரலை வைத்துப் படித்தாள். "பன்னெண்டு வாரம்னு போட்டிருக்கு. இல்லைன்னா டாக்டர் நிறுத்தச் சொல்றவரைக்கும். ரத்தம் வந்தா நிறுத்துன்னு எங்கேயும் இல்லை. இன்னிக்கு ஒத்தைத் தேதி. இடது பக்கம். திரும்பு." குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்ட ஆரம்பித்தாள். நான் அழுதுகொண்டே கிடந்தேன். ஊசி இறங்கியது. வழக்கம்போல அழுத்தித் தேய்த்தாள், தீட்டுப் பாயிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து.

வெளியே போகும்போது இவர் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். அவரை அப்படியே மூலைக்கடைப் போனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிளினிக்கில் சொன்னார்கள், சில பேருக்கு இப்படிப் படும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரத்தம் அதிகமானால் உடனே வாருங்கள், ஊசியையும் மாத்திரையையும் மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள் என்று. அவள் படியிறங்கும்போதே மாமியார், தீட்டுக்காரியைத் தொட்டுவிட்டீர்களே, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டாவது போங்கள் என்றிருந்தாள். "வீட்டுக்குப் போய்க் குளிப்பேன். இன்னிக்குப் புழுக்கம் ஜாஸ்தி" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். பாசிட்டிவ். தாளைக் கையில் கொடுத்தபோது இவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் ஒரு துடிப்பு தெரிந்தது. இரண்டில் ஒன்று பிடித்துக்கொண்டது, மற்றது இல்லை. பட்ட ரத்தம் அதனுடையதாகவும் இருக்கலாம் என்றார்கள். அதற்கும் சேர்த்து அழுதேன், இதற்கும் சேர்த்து அழுதேன். பின்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாளில் சிஸ்டர் மட்டும் நாலாம் நாள் வருகிறேன் என்று திரும்பிப் போயிருந்தால்!

சிஸ்டரிடம் சொன்னபோது, "ஆகட்டும். சீட்டு எங்கே?" என்றாள்.

பிறகு நாட்கள் போனது ஊசியாலேயே. இரண்டு பக்கமும் கட்டி கட்டியாகிவிட்டது. உட்கார முடியாது, மல்லாந்து படுக்க முடியாது. வெந்நீர்த் துணி வைத்து ஒத்தடம் கொடுப்பாள் மாமியார். மாறிவிட்டாள் அவள். ஆறு மணி ஆனதும் சாயா போட்டு மூடி வைப்பாள். சிஸ்டர் நின்றபடியே குடித்துவிட்டுப் போவாள். ஜூன் மாத மழையில் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஹர்த்தால் என்று கடையடைப்பு அறிவித்தால் இரண்டு நாள் முன்னாடியே இவரை மருந்துக் கடைக்கு விரட்டினாள். எங்கேயோ கட்சிக்காரர்கள் வழிமறித்தபோது, ஊசிப் பெட்டியைத் திறந்து காட்டினாளாம். "யாருக்காவது வேணுமா?" என்று கேட்டாளாம். அவள் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஒரே ஒரு நாள், தேய்த்துக்கொண்டிருக்கும்போது தானாகப் பேசினாள். வேலையில் சேர்ந்த புதிதில் அவளுக்கு ஞாபகசக்தி அபாரமாம். நாற்பது கட்டிலுக்கும் யார் யாருக்கு என்ன மருந்து என்று பார்க்காமலே சொல்வாளாம். டாக்டர்களே மெச்சுவார்களாம். ஒரு நாள் கட்டிலை மாற்றிப் படுத்திருந்த ஓர் ஆளுக்கு, பக்கத்துக் கட்டில்காரரின் ஊசியைப் போட்டுவிட்டாள்.

"செத்துட்டாரா?" என்றேன், தலையைத் திருப்பி.

"இல்லை. ஒண்ணும் ஆகலை. ரெண்டு நாள்ல வீட்டுக்கு நடந்தே போனார். போறப்ப என்னைக் கும்பிட்டுட்டுப் போனார்" என்றாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். "கும்பிட்டதைத்தான் மறக்க முடியலை."

பன்னிரண்டாம் வாரம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். ஸ்கேனில் குழந்தை கையைக் காலை ஆட்டியது. டாக்டரம்மா சந்தோஷமாக எழுதினார்கள், ஊசியை நிறுத்தலாம், மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரத்தில் நிறுத்திவிடலாம். இனி நஞ்சு பார்த்துக்கொள்ளும். இவர் பாயசம் வைக்கச் சொன்னார்.

எனக்கு மட்டும் உள்ளே ஏதோ அறுந்துபோனது. எழுபது நாளுக்கு மேலாகத் தினம் ஆறு மணிக்கு அந்த ஊசி. அதுதான் பிடிமானம் என்று சொன்னவர்கள் இன்று அதை விடச் சொல்கிறார்கள். நஞ்சு பார்த்துக்கொள்ளுமாம்! யார் பார்த்தது? என் உடம்பை நம்பிப் பன்னிரண்டு வருடம் ஏமாந்தவள் நான். அதனிடம் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு எப்படித் தூங்குவேன்? வீட்டில் மூன்று குப்பி மிச்சம் இருந்தது. புதுச் சீட்டை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஆறு மணிக்குச் சிஸ்டர் வந்தபோது, சாம்பல் கறை படிந்த பழைய சீட்டை நீட்டினேன்.

படித்தாள். "இன்னிக்கு டாக்டர்கிட்ட போனியே. புதுச் சீட்டு எங்கே?"

"குடுக்கலை."

"குடுக்காம இருக்க மாட்டாங்க மோளே."

"குடுக்கலைன்னா குடுக்கலை. நீங்க போடுங்க. மூணு நாளைக்குப் போதும். மூணே மூணு."

"அதெப்படி? பன்னெண்டு வாரம்னுதான் இதுல இருக்கு. ஆயிப்போச்சே."

காலைப் பிடித்துக் கெஞ்சினேன். ஒரு நாள், இன்று ஒரு நாள் மட்டும் என்றேன். அவள் பெட்டியைத் திறக்கவில்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. எனக்கு எந்த வார்த்தை வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதே வார்த்தை அவளுக்கும் வலிக்கும் என்று தெரிந்துதான் எடுத்தேன். "பெத்திருந்தா தெரியும். வயித்துல ஒண்ணு தங்கியிருந்தா தெரியும். பெறாத மலடிக்கு என்ன தெரியும் இந்தப் பயம்?"

அடுப்படியில் மாமியார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். "ஆமா. எனக்குத் தெரியாது" என்றாள். குரல் உயரவில்லை. "அதனாலதான் எழுதியிருக்கறதைப் படிக்கறேன். சீட்டை எடு."

அரிசி டின்னை நகர்த்தி எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். மடித்து என் கையிலேயே வைத்துவிட்டு, சாயாவைக் குடிக்காமல் போனாள்.

அன்று நான் தூங்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டே விடியும்வரை கிடந்தேன். மறுநாள் மாலை ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. பையில்லாமல் வந்திருந்தாள். "ரத்தம் உண்டா?" என்றாள். இல்லை என்றேன். "வயித்து வலி?" இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டு ஒரு பத்து நிமிடம் வாசல் பக்கம் நின்றாள், கடிகாரத்தைப் பார்த்தாள், போனாள். இப்படி ஏழு நாள் வந்தாள். ஏழாவது நாள்தான் எனக்குப் பயம் விட்டது. நாளைக்கு வர வேண்டாம் சிஸ்டரே, இனி பரவாயில்லை என்றேன். அந்த ஏழு நாளில் ஒரு நாள்கூட மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை. இத்தனை நீள வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை!

பெண் குழந்தை. நல்ல எடை. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுவதற்கு அவளைக் கூப்பிட இவரைத்தான் அனுப்பினேன், நான் போகவில்லை. அவள் வரவில்லை. யாருக்கோ ஊசி நேரம் என்று சொல்லியனுப்பினாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

குழந்தைக்கு ஐந்து மாதத்தில் நெஞ்சுச் சளி கட்டி, டாக்டர் ஐந்து நாள் ஊசி எழுதினார். வேறு வழியில்லை, நானே அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை, கொஞ்சவில்லை. "சீட்டு எங்கே?" என்றாள். ஐந்து நாளும் வந்து போட்டாள். அந்தப் பிஞ்சுத் தொடையில் அவள் ஊசி இறக்கியது என் கண்ணுக்கே தெரியவில்லை. குழந்தை வீரிட்டு அழுதது, அடுத்த நிமிடம் அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கண்ணாடியை விடுவிக்காமல் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

ஐந்தாம் நாள் அவள் பெட்டியை மூடும்போது சொல்லிவிட்டேன். "சிஸ்டரே, அன்னிக்கு நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆளைத் தெரியாமல் யோசிக்கும் பார்வை இல்லை அது.

"ஊசி போடறப்ப எல்லாரும் என்னமாவது சொல்வாங்க மோளே" என்றாள். "வலியில வர்ற பேச்சை நான் எடுத்துக்கறதில்லை."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் குழந்தையை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நான் அந்த வார்த்தையைச் சொன்ன நாள்தான், எழுபத்துச் சொச்சம் நாளில் அவள் பெட்டியோடு வந்து எனக்கு ஊசி போடாமல் போன ஒரே நாள்.